வால்ஃப்ளவர்னா என்ன பூ?



போன செமஸ்டர் ப்ளேஸ்மென்ட் ட்ரெய்னிங்கில் எங்களுக்கு ஒரு மாதிரி குரூப் டிஸ்கஷன் வைத்தார்கள். 12 பேர் வட்டமாக உட்கார்ந்தோம். மொத்தம் 15 நிமிஷம். அதில் நான் வாயைத் திறந்தது ஒரே ஒரு தடவைதான். "ஐ அக்ரி வித் ஹிம்" என்று சொல்லிவிட்டு மறுபடி மூடிக்கொண்டேன். முடிந்ததும் ஆளுக்கொரு ஃபீட்பேக் சீட்டு கொடுத்தார்கள். என் சீட்டில் "குட் லிஸனர், பட் எ வால்ஃப்ளவர்" என்று இருந்தது.

தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு வந்தவன் நான். லிஸனர் புரிந்தது. ஃப்ளவரும் புரிந்தது. பூ என்றால் நல்ல விஷயம்தானே? அன்றைக்கு ராத்திரி அம்மாவுக்குப் போன் போட்டு, "என்னைப் பூன்னு எழுதிக் குடுத்திருக்காங்கம்மா" என்று சொன்னேன். அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். பக்கத்து வீட்டு அக்காவிடமும் சொல்லிவிட்டார்களாம். போனை வைத்த பிறகுதான் ரூம்மேட் மெதுவாகச் சொன்னான், "டேய், அது பாராட்டு இல்லடா."

வால்ஃப்ளவர் என்றால் கூட்டத்தில் கலக்காமல் ஓரமாக ஒதுங்கி நிற்கிற ஆள். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் நடன விருந்துகள் நடக்கும். ஆண்கள் வந்து கேட்டால்தான் பெண்கள் ஆடப் போக முடியும். யாரும் கேட்காத பெண், சுவர் ஓரமாகப் போட்டிருக்கும் நாற்காலியில் கடைசி வரைக்கும் உட்கார்ந்திருப்பாள். சுவரோடு ஒட்டிய பூ. கிண்டல்தான், அதுவும் கொஞ்சம் கொடூரமான கிண்டல்.

எனக்கு ரெண்டு நாள் தூக்கம் வரவில்லை. மூணாவது நாள், சரி, அந்தப் பூவாவது எப்படி இருக்கும் என்று தேடிப் பார்த்தேன். அப்படி ஒரு செடி நிஜமாகவே இருக்கிறது. கடுகு, முட்டைக்கோஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. நாலு இதழ், மஞ்சளிலிருந்து செம்பழுப்பு வரைக்கும் பல நிறம், நல்ல வாசனை. பழைய கோட்டைகள், இடிந்த தேவாலயங்கள் இவற்றின் சுவர் விரிசலில், சுண்ணாம்புக் காரைக்குள்ளே வேர் விட்டு வளரும். மண் கிடையாது, தண்ணி ஊத்த ஆள் கிடையாது, ஆனாலும் வசந்த காலம் வந்தால் பூத்துவிடும். அந்தப் பெயர் முதலில் செடிக்குத்தான் இருந்தது. பெண்களைக் கிண்டல் பண்ண யாரோ பிற்பாடு எடுத்துக்கொண்டார்கள். இதைப் படித்தபோது அந்தச் சீட்டு மேல் இருந்த கோபம் பாதி குறைந்துவிட்டது.

அன்றைக்கு ஆரம்பித்ததுதான் இந்தக் கிறுக்கு. "500 முக்கியமான இடியம்ஸ்" மாதிரி பிடிஎஃப் எல்லாம் நம்ம எல்லோர் போனிலும் இருக்கும். யாரும் 20-க்கு மேல் தாண்டியிருக்க மாட்டோம். தாண்டினாலும் நிற்காது. காரணம் என்னவென்றால், அந்த மரபுத்தொடர் ஒவ்வொன்றும் யாரோ ஒருத்தர் தன் தோட்டத்திலோ வயலிலோ கண்ணால் பார்த்த ஒரு காட்சி. லிஸ்டில் அந்தக் காட்சியை வெட்டிவிட்டு அர்த்தத்தை மட்டும் நமக்குக் கொடுக்கிறார்கள். செடியைப் பார்த்துவிட்டால் அர்த்தம் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். செடி, பூ சம்பந்தப்பட்டதாக நான் பொறுக்கியதில் சிலதை மட்டும் இங்கே சொல்கிறேன்.

முதலில் நம்ம லேபுக்குள்ளேயே கிடக்கிற ஒரு பூவிலிருந்து வருவோம். ஃபர்ஸ்ட் இயர் வொர்க்ஷாப்பில் வயரிங் பண்ணியிருப்பீங்க. சுவிட்ச், ஹோல்டர், சீலிங் ரோஸ். கூரையிலிருந்து தொங்குகிற பல்பு ஒயரை நிலையான வயரிங்கோடு சேர்க்கிற வட்ட டப்பா. அதில் எங்கே ரோஜா இருக்கிறது என்று யாராவது கேட்டீங்களா? நானும் கேட்கவில்லை. ரெக்கார்டில் படம் வரைந்து கையெழுத்து வாங்கியதோடு சரி.

ஐரோப்பாவின் பழைய பெரிய வீடுகளில் கூரையின் நடுவில் சுதையால் ஒரு வட்டமான பூ அலங்காரம் செய்திருப்பார்கள். அதன் மையத்திலிருந்து சரவிளக்கு தொங்கும். அந்த அலங்காரத்துக்குப் பெயர் ரோஸ். கரண்ட் வந்த பிறகு பல்பைத் தொங்கவிடும் டப்பா அதே இடத்தில் போய் உட்கார்ந்தது, பெயரையும் எடுத்துக்கொண்டது.

கூரையில் ஏன் ரோஜா? இங்கேதான் 'சப் ரோசா' என்ற லத்தீன் தொடர் வருகிறது. 'ரோஜாவுக்குக் கீழே' என்று அர்த்தம். இன்றைக்கும் ஆங்கிலத்தில் ஒரு பேச்சுவார்த்தை 'சப் ரோசா' நடந்தது என்றால் ரகசியமாக நடந்தது என்று பொருள். ரோமானியக் கதை ஒன்று உண்டு. காதல் தேவதை வீனஸின் விவகாரங்களை வெளியே சொல்லாமல் இருப்பதற்காக அவள் மகன் க்யூபிட், மௌனத்தின் கடவுளுக்கு ஒரு ரோஜாவை லஞ்சமாகக் கொடுத்தானாம். அதிலிருந்து ரோஜா ரகசியத்தின் அடையாளம் ஆனது. தேவாலயங்களில் பாவமன்னிப்புக் கேட்கிற கூண்டுகளில்கூட ரோஜா செதுக்கினார்கள். இங்கே பேசுவது இங்கேயே இருக்கும் என்பதற்கான அறிவிப்புப் பலகை மாதிரி. கூரையில் ரோஜா வந்ததற்கே இந்த வழக்கம்தான் காரணம் என்று சொல்பவர்களும் உண்டு. அது எப்படியோ, அலங்காரத்திலிருந்து நம்ம டப்பாவுக்குப் பெயர் வந்தது நிச்சயம். ஹாஸ்டல் ரூமில் சீலிங் ரோஸுக்குக் கீழே உட்கார்ந்து பேசின எந்த ரகசியமும் எங்கள் ஃப்ளோரில் பத்து நிமிஷம் தாங்கினது இல்லை என்பது வேறு விஷயம்.

அடுத்தது டெய்சி. இது இசிஇ, ட்ரிப்பிள்இ ஆட்களுக்கு நன்றாகத் தெரிந்த பூ, ஆனால் பூவாகத் தெரியாது. 'டெய்சி செயின்' கனெக்‌ஷன் என்று கேள்விப்பட்டிருப்பீங்க. ஒரு போர்டின் அவுட்புட் அடுத்ததின் இன்புட்டுக்கு, அதன் அவுட்புட் அதற்கு அடுத்ததுக்கு. எஸ்பிஐ புரோட்டோகாலில் (பேங்க் இல்லைங்க) ஷிஃப்ட் ரெஜிஸ்டர்களை இப்படித்தான் கோர்ப்போம். டெய்சி என்பது இங்கிலாந்துப் புல்வெளிகளில் சும்மா முளைத்துக் கிடக்கிற சின்ன வெள்ளைப் பூ. நடுவில் மஞ்சள். குழந்தைகள் அதைப் பறித்து, காம்பில் நகத்தால் ஒரு கீறல் போட்டு, அந்தக் கீறலுக்குள் அடுத்த பூவின் காம்பை நுழைத்து, அதில் ஒரு கீறல் போட்டு என்று மாலை கட்டுவார்கள். நார் கிடையாது, நூல் கிடையாது. பூவேதான் நூல். நம்ம ஊர் மல்லிகைச் சரம் கட்டுவதற்கும் இதற்கும் இதுதான் வித்தியாசம். நூலில் கட்டிய சரத்தில் ஒரு பூ உதிர்ந்தால் மற்றது அப்படியே இருக்கும். டெய்சி மாலையில் ஒரு காம்பு கிழிந்தால் மாலையே அங்கே அறுந்துவிடும். டெக் ஃபெஸ்டுக்குப் போட்ட எல்இடி ஸ்ட்ரிப்பில் நடுவில் ஒரு எல்இடி செத்து, அதற்குப் பிறகு வந்த எல்லாம் இருட்டானபோது, இந்தப் பெயர் வைத்தவரைக் கும்பிடத் தோன்றியது.

டெய்சி என்ற பெயரே அழகு. பழைய ஆங்கிலத்தில் 'பகலின் கண்' என்று பொருள்படும் இரண்டு சொற்கள் தேய்ந்து தேய்ந்து டெய்சி ஆனது. காலையில் விரிந்து சாயங்காலம் மூடிக்கொள்ளும் பூ. நன்றாகத் தூங்கி எழுந்து வந்தவரை 'ஃப்ரெஷ் ஆஸ் எ டெய்சி' என்பது இதனால்தான். ஆனால் கவனம். 'புஷ்ஷிங் அப் டெய்சீஸ்' என்றால் ஆள் செத்துப்போய்ப் புதைத்தாயிற்று, மேலே புல்லும் பூவும் முளைத்துவிட்டது என்று அர்த்தம். ரெண்டிலும் டெய்சி இருக்கிறதே என்று மாற்றிச் சொல்லிவிடாதீங்க.

கொடி ஒன்று இருக்கிறது, அதைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். 'ஐ ஹியர்ட் இட் த்ரூ தி கிரேப்வைன்'. திராட்சைக் கொடி வழியாகக் கேள்விப்பட்டேன். அதாவது அதிகாரபூர்வமாக இல்லாமல், வாய் வழியாகக் காதில் விழுந்த செய்தி. "நாளைக்கு இன்டர்னல்ஸ் தள்ளிப் போகுதாம்" ரகம்.

1844 மே 24 அன்று சாமுவேல் மோர்ஸ் வாஷிங்டனிலிருந்து பால்டிமோருக்குத் தந்தி அனுப்பினார். அதன் பிறகு அமெரிக்கா முழுக்கக் கம்பங்கள் நட்டுக் கம்பி இழுக்க ஆரம்பித்தார்கள். நேரான கம்பியில் வந்தால் அது நிஜத் தந்தி. கோணல் மாணலாக, எங்கே ஆரம்பித்து எங்கே போகிறது என்று தெரியாமல், கொடி மாதிரி ஆள் ஆளாகச் சுற்றி வந்தால் அது 'திராட்சைக் கொடித் தந்தி'. 1861-இல் தொடங்கி 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது இந்தத் தொடர் நன்றாகப் பரவிவிட்டது. பின்னால் தந்தி என்ற சொல் உதிர்ந்து கொடி மட்டும் நின்றது.

இதைக் கிசுகிசு என்று மட்டும் மொழிபெயர்த்தால் முக்கியமான ஒன்று விட்டுப்போகும். வர்ஜீனியாவில் அடிமையாகப் பிறந்து, பிற்பாடு பெரிய கல்வியாளரான புக்கர் டி. வாஷிங்டன் 1901-இல் வந்த தன் சுயசரிதையில் இந்தக் கொடித் தந்தியைப் பற்றி எழுதியிருக்கிறார். எழுதப் படிக்கத் தெரியாத, பத்திரிகை கைக்கு வராத அடிமை மக்களுக்குப் போர்ச் செய்தி எல்லாம் தெரிந்திருக்கும். எப்படி? தபால் வாங்க ஒருவரை அனுப்புவார்கள். அவர் கடிதங்களை வாங்கிக்கொண்டு உடனே கிளம்ப மாட்டார். அங்கே கூடியிருக்கும் வெள்ளைக்காரர்கள் செய்தியைப் பற்றிப் பேசுவதைக் காதில் வாங்கிக்கொண்டு நிற்பார். திரும்பி வருகிற வழியில் தன் மக்களிடம் சொல்லிக்கொண்டே வருவார். எஜமானின் பெரிய வீட்டுக்குச் செய்தி போய்ச் சேருவதற்கு முன்னால் குடிசைகளுக்குப் போய்விடும். கம்பி யாருக்குச் சொந்தமாக இல்லையோ அவர்களுடைய நெட்வொர்க் அது. எனக்கு இந்தப் பட்டியலில் ரொம்பப் பிடித்தது இதுதான்.

இனி கொஞ்சம் அரிப்பு. 'கிராஸ்ப் தி நெட்டில்' என்றால் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கும் ஒரு சிக்கலைத் துணிந்து கையில் எடுப்பது. நெட்டில் என்பது ஐரோப்பாவில் வேலி ஓரமெல்லாம் இருக்கும் ஒரு அரிப்புச் செடி. அதன் மேல் உள்ள ரோமங்கள் ஒவ்வொன்றும் ஒரு ஊசி. உள்ளே குழாய், நுனியில் சிலிக்கா, அதாவது கண்ணாடி சமாச்சாரம். லேசாக உரசினால் நுனி உடைந்து தோலுக்குள் ஏறி, ஹிஸ்டமைன் உள்பட எரிச்சல் தரும் சரக்கை இறக்கிவிடும். சிரிஞ்சேதான். தயங்கித் தயங்கித் தொட்டால்தான் கொட்டும், இறுக்கிப் பிடித்தால் ரோமங்கள் மடங்கிப்போய்க் குத்தாது என்பது அந்த ஊர் நம்பிக்கை. ப்ராஜெக்ட் டீமில் ஒருத்தன் மூணு மாசமாக ஒரு வேலையும் செய்யவில்லை, நாலு பேரும் அவன் முதுகுக்குப் பின்னால் புலம்புகிறோம், நேரில் யார் சொல்வது? அதுதான் நெட்டில். நம்ம ஊரில் செந்தட்டி, காஞ்சொறி என்று சொல்லும் செடியும் இதே மாதிரி அரிக்கும், ஆனால் அது வேறு குடும்பம். இறுக்கிப் பிடித்துப் பார்க்கிறேன் என்று கிளம்பிவிடாதீங்க, நான் பொறுப்பில்லை.

பழங்களுக்கு வருவோம். இங்கேதான் நம்ம ஆட்கள் அடி வாங்குகிறார்கள். எங்க சீனியர் அண்ணன் ஒருத்தர் இன்டர்வியூவில் தன் ப்ராஜெக்ட்டை விளக்கும்போது, "வீ செர்ரி பிக்ட் தி பெஸ்ட் ரீடிங்ஸ்" என்று சொன்னார். ரொம்பக் கவனமாகத் தேர்ந்தெடுத்தோம் என்று சொல்வதாக நினைப்பு. எதிரில் இருந்த ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்களாம். மரத்தில் நூறு செர்ரி இருக்கும். சிவந்து பளபளப்பாக இருக்கிற பத்தை மட்டும் பறித்துக் கூடையில் வைத்துக் காட்டினால், பார்க்கிறவர் மரம் முழுக்க இப்படித்தான் காய்த்திருக்கிறது என்று நினைப்பார். டேட்டாவில் செர்ரி பிக்கிங் என்றால் அந்த ஏமாற்று வேலைதான். நமக்குச் சாதகமான ரீடிங்கை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை மறைப்பது. அண்ணன் தன் வாயாலேயே "நாங்க திருட்டு வேலை பண்ணினோம்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். (கர்வ் ஒழுங்காக வர வேண்டும் என்று ரெக்கார்டில் நாம் எல்லோரும் என்ன செய்கிறோம் என்பதை இங்கே பேச வேண்டாம்.) அதே சமயம் கிட்டில் 'செர்ரி பிக்' என்று ஒரு கமாண்டே இருக்கிறது. வேறு பிராஞ்சிலிருந்து நமக்கு வேண்டிய கமிட்டை மட்டும் பறித்துக்கொள்வது. அங்கே அது குற்றம் இல்லை. காட்சி ஒன்றுதான், பறித்ததை எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பதில்தான் வித்தியாசம்.

இதே மாதிரி 'லோ ஹேங்கிங் ஃப்ரூட்'. ஏணி போடாமல் கைக்கு எட்டும் பழம். கம்பெனி மீட்டிங்குகளில் அடிக்கடி வரும், முதலில் சுலபமான வேலையை முடிப்போம் என்பதற்கு. நம்ம வேலையைப் பற்றி நாமே சொல்லலாம். அடுத்தவர் ஆறு மாசம் உழைத்த வேலையைப் பார்த்துச் சொன்னால் சண்டை வரும்.

'பேட் ஆப்பிள்' கதை இன்னும் வேடிக்கை. ஒரு அழுகின ஆப்பிள் பீப்பாய் முழுவதையும் கெடுத்துவிடும் என்பது இடைக்காலத்திலிருந்தே உள்ள பழமொழி. கெமிஸ்ட்ரிப்படியும் சரி. பழுத்த, அடிபட்ட ஆப்பிள் எத்திலீன் வாயுவை விடும். மூடின பீப்பாய்க்குள் அந்த வாயு மற்ற ஆப்பிள்களையும் வேகமாகப் பழுக்க வைக்கும், கூடவே பூஞ்சையும் தொற்றும். மாங்காயை அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்தால் சீக்கிரம் பழுப்பதும் இதே எத்திலீன் வேலைதான். ஆக, பழமொழி சொல்வது, ஒன்று கெட்டால் எல்லாம் கெடும், உடனே எடுத்துப் போடு என்று. இப்போது செய்திகளில் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் பாருங்க. ஒரு நிறுவனத்தில் பெரிய தப்பு வெளியே வந்தால், "ஜஸ்ட் எ ஃப்யூ பேட் ஆப்பிள்ஸ்" என்பார்கள். அதாவது ஒன்றிரண்டு பேர்தான் மோசம், மற்றவர்கள் எல்லாம் நல்லவர்கள். பழமொழியின் முதல் பாதியை வைத்துக்கொண்டு அர்த்தத்தைத் தலைகீழாக மாற்றிவிட்டார்கள். பீப்பாயில் ஆப்பிள் வைத்துப் பார்த்தவர் யாரும் இப்படிப் பேசியிருக்க மாட்டார்.

'நிப் இட் இன் தி பட்' நமக்குச் சுலபம். முளையிலேயே கிள்ளி எறி என்று நாமும் சொல்கிறோம். வள்ளுவரும் முள் மரத்தைச் சின்னதாக இருக்கும்போதே வெட்டச் சொல்கிறார், வளர்ந்துவிட்டால் வெட்டுகிறவன் கையைப் பதம் பார்க்கும் என்று. ஒரு சின்ன வேறுபாடு. அங்கே கிள்ளப்படுவது முளை இல்லை, மொட்டு. குளிர் நாடுகளில் வசந்தத்தில் மொட்டு விட்ட பிறகு திடீரென்று ஒரு ராத்திரி உறைபனி விழும், மொட்டு கருகிவிடும், அந்த வருஷம் காய் இல்லை. பனி கடித்தது என்பதற்கும் அவர்கள் இதே 'நிப்' என்ற சொல்லைப் பயன்படுத்துவார்கள். இன்னொன்று, கடைசிச் சொல்லை 'பட்' என்று குறுக்கி நிறுத்தணும், டி சத்தத்தில். அதை 'ட்' என்று அழுத்தினால் மொட்டு போய் பின்புறம் ஆகிவிடும். இங்கிலீஷ்காரர்களே இந்தத் தப்பைப் பண்ணுவார்கள், நமக்கென்ன.

செடி மாதிரி தெரியும், ஆனால் செடியே இல்லாத ரெண்டு கேஸ் சொல்லிவிட்டு முடிக்கிறேன். 'டர்ன் ஓவர் எ நியூ லீஃப்', திருந்திப் புது வாழ்க்கை தொடங்குவது. மரம் இலை உதிர்த்துப் புதுத் தளிர் விடுவதாகத்தான் நான் ரொம்ப நாள் நினைத்தேன். இல்லை. அந்த இலை, புத்தகத்தின் தாள். பழைய பக்கத்தைப் புரட்டிப் புதுப் பக்கத்தில் எழுதுவது. தாளுக்கு ஏன் இலை என்று பெயர் என்று ஆச்சரியப்பட நமக்கு உரிமை இல்லை, ஏனென்றால் நம்ம 'ஏடு' நிஜமாகவே பனை ஓலைதான். நோட்டு வந்து எத்தனையோ காலம் ஆன பிறகும் நாளேடு என்கிறோம்.

இன்னொன்று 'ஆப்பிள் ஆஃப் மை ஐ'. உயிருக்கு உயிரானவர் என்று அர்த்தம். பழைய ஆங்கிலத்தில் கண்ணின் கருமணியை ஆப்பிள் என்றார்கள், உருண்டையாகத் திடமாக இருக்கும் என்று நினைத்ததால். அதனால் இதைத் தமிழில் சொல்ல நாம் கஷ்டப்படவே வேண்டாம். கண்மணி. அவ்வளவுதான். தமிழ் பைபிளிலும் அந்த இடத்தில் கண்மணி என்றுதான் இருக்கிறது.

கண்மணி என்றதும் அம்மா ஞாபகம் வந்துவிட்டது. அந்த ஃபீட்பேக் சீட்டு இப்போதும் என் வயரிங் லேப் ரெக்கார்டுக்குள்தான் இருக்கிறது. அடுத்த ஜிடியில் நாலு தடவை பேசினேன். நாலில் ஒன்று உளறல். போன வாரம் ஊருக்குப் போயிருந்தபோது அம்மா கேட்டார்கள், "அந்தப் பூ பேரு என்னமோ சொன்னியே, அது எப்படிடா இருக்கும்?" போனில் படத்தை எடுத்துக் காட்டினேன். பாழடைந்த கோட்டைச் சுவர், நடுவில் ஒரு கொத்து மஞ்சள். "மண்ணே இல்லாம எப்படிடா பூக்குது?" என்று ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் வேறு எதுவும் சொல்லவில்லை.